அண்ணன் கையெழுத்து



கார்த்திகை தீபம் முடிந்து, அகல் விளக்குகளின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவித் துடைத்துப் பரண்மேல் ஏற்றியாகிவிட்டதா? எங்கள் கீழ்பென்னாத்தூரில் மொட்டை மாடியில் ஏறி நின்றால், திருவண்ணாமலை மலைமேல் எரியும் தீபம் சின்னக் குங்குமப் பொட்டு மாதிரி தெரியும். இந்த வருஷம் அதைக் கும்பிட்டபோது எனக்கு இரண்டு வேண்டுதல் இருந்தது. இரண்டும் ஒரே ஆளுக்காக.

போன இதழில் தலைமுடிக்கு எண்ணெய் காய்ச்சச் சொன்னவள், இந்த முறை ஈரலைப் பற்றி எழுதுகிறாளே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது நம் வீட்டுப் பெண்கள் கண்ணில் முதலில் படுகிற விஷயம். என் கண்ணில் பட்டும் நான் விட்டுவிட்ட விஷயம்.

ஐப்பசி மாசம் ஒரு நாள் மத்தியானம் அண்ணி வந்தார். கையில் பால் கணக்கு நோட்டு. அண்ணன் வீட்டில் இரண்டு மாடு. சொசைட்டிக்கு ஊற்றும் பால் கணக்கை அண்ணன்தான் எழுதுவார்.

"பாப்பா, இதைக் கொஞ்சம் பாரேன். உங்க அண்ணன் எழுத்து மாதிரியா இருக்கு?"

பார்த்தேன். முன்பக்கங்களில் முத்து முத்தான எழுத்து. என் அண்ணன் முப்பது வருஷத்துக்கு மேல் ஆரம்பப் பள்ளி வாத்தியார். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் திரும்ப எழுதச் சொல்லுகிறவர். அவர் நோட்டில் கடைசி மூன்று வாரமாக வரிகள் எல்லாம் சரிந்து கீழே இறங்குகின்றன. ஒரு எழுத்து பெரிசு, ஒன்று சிறிசு. 'லிட்டர்' என்பதில் புள்ளிகளைக் காணோம். நாலும் மூணும் எட்டு என்று கூட்டியிருந்தார்.

"கண்ணாடி மாத்தணும்னு சொல்றார். ஆனா போன வெள்ளிக்கிழமை சந்தைக்கு மொபெட்டிலே போனவர், அதை அங்கேயே விட்டுட்டு நடந்து வந்துட்டார் பாப்பா. வண்டி எங்கேன்னா, 'எந்த வண்டி'ங்கறார்."

அண்ணி சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

இங்கே என் தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு மாசம் முன்பே அண்ணி சொல்லியிருந்தார்: "பகலெல்லாம் தூங்கறார், ராத்திரி கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார்." நான்தான், "வயசு அறுபத்துநாலு ஆச்சு, விடுங்க அண்ணி, தூங்கட்டும்" என்றேன். முழங்கால் வலி என்றதற்கு, எங்கள் வீட்டிலிருந்த வலி மாத்திரையில் நாலைந்து எடுத்துக் கொடுத்தும் அனுப்பினேன். பத்திரிகையில் ஊருக்கெல்லாம் ஆரோக்கியம் சொல்கிறவள் செய்த காரியம் இது!

அன்று சாயங்காலம் அண்ணி பீரோவைக் குடைந்தார். பழைய பஞ்சாங்கத்துக்கு அடியில் ஒரு ஸ்கேன் சீட்டு. இரண்டு வருஷத்துக்கு முந்தையது. ஈரலில் கொழுப்பு, மேற்பரப்பு மேடுபள்ளம், மண்ணீரல் வீக்கம் என்று எழுதியிருந்தது. ஒருவருக்கும் சொல்லாமல் ஒளித்து வைத்திருக்கிறார்.

ஏன் என்று கேட்டோம். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "அப்பன் குடிச்சுச் செத்தான், பிள்ளையும் குடிச்சுத்தான் ஈரலைக் கெடுத்துக்கிட்டான்னு இந்த ஊர் சொல்லாதா, பாப்பா?"

எங்கள் அப்பா 1983-ல் இறந்தார். ஆமாம், சாராயம் குடிப்பார். கடைசி இரண்டு மாசம் வயிறு பானை மாதிரி, கைகால் குச்சி மாதிரி. ஊரில் மகோதரம் என்றார்கள், சிலர் செய்வினை என்றார்கள். ஒரு ராத்திரி எழுந்து உட்கார்ந்தவர் வாளி நிறைய ரத்தமாக வாந்தி எடுத்தார். மாட்டு வண்டி கட்டி, திருவண்ணாமலைக்குப் பாதி வழி போவதற்குள் முடிந்துவிட்டது. வண்டியில் அப்பா தலையை மடியில் வைத்திருந்தவர் அண்ணன். அன்றைக்கு எடுத்த முடிவு, ஒரு சொட்டு மது அவர் உதட்டில் பட்டதில்லை. பட்டதில்லை என்பதற்கு நான் சாட்சி. ஆனால் பதினெட்டு வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது, தொந்தியும் இருந்தது. ஈரல் சுருங்க மது ஒன்றுதான் காரணம் என்று யார் சொன்னது? சர்க்கரையும் கொழுப்பும் போதும். மஞ்சள் காமாலை பி, சி வைரஸ்கள் போதும். மத்திய அரசே 2021-ல், குடிக்காதவர்களுக்கு வரும் கொழுப்பு ஈரலைச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு வரிசையில் சேர்த்துக் கவனிக்கச் சொல்லிவிட்டது. வெட்கத்துக்காக இரண்டு வருஷம் போய்விட்டதே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

உள்ளே என்னதான் நடக்கிறது?

திருவண்ணாமலை டாக்டரம்மா எங்களுக்குப் புரியும்படி சொன்னதை அப்படியே சொல்கிறேன். ஏரியில் மதகு தூர்ந்துபோனால் என்ன ஆகும்? தண்ணீர் வெளியேற வழியில்லாமல் பின்னாலே ஏறும், கரை பலவீனமான இடத்தில் உடைக்கும். ஈரல்தான் அந்த மதகு. குடல், மண்ணீரல் எல்லாவற்றின் ரத்தமும் ஒரு பெரிய நாளம் வழியாக ஈரலுக்குள் போக வேண்டும். ஈரல் முழுக்கத் தழும்பு விழுந்து இறுகிவிட்டால் ரத்தம் தேங்குகிறது. உணவுக்குழாயில் நாளங்கள் முறுக்கிப் புடைக்கின்றன; வெடித்தால் ரத்த வாந்தி. வயிற்றில் நீர் கசிந்து சேர்கிறது. ஈரல் வடிகட்ட வேண்டிய அம்மோனியா போன்ற கழிவு மூளைக்குப் போய் ஆளைத் தடுமாற வைக்கிறது. மண்ணீரல் வீங்கி, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்கிறது.

இந்தக் கடைசி வரிதான் முக்கியம். தட்டணுக்கள் குறைந்தால், பின்னால் அழுத்தம் ஏறுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். கத்தியில்லை, குழாயில்லை, ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை. அதில் குறி தெரிந்துவிடுகிறது!

நமக்கு டெங்கு என்றால்தான் தட்டணு ஞாபகம் வரும். காய்ச்சலே இல்லாமல், ஒன்றரை லட்சத்துக்குக் கீழே வருஷக்கணக்காக நிற்கிறது என்றால், ஈரலைப் பார்த்தீர்களா என்று டாக்டரைக் கேளுங்கள்.

இன்னொரு கணக்கும் டாக்டரம்மா போட்டுக் காட்டினார். 2006-ல் வந்த கணக்கு, 'ஃபிப்-4' என்று பேர். வயசை எஸ்.ஜி.ஓ.டி. எண்ணால் பெருக்க வேண்டும். அது ஒரு பக்கம். தட்டணுவை ஆயிரக்கணக்கில் எடுத்து, எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். அது இன்னொரு பக்கம். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் விடை. அண்ணனுக்கு வயசு 64, எஸ்.ஜி.ஓ.டி. 54, பெருக்கினால் 3456. தட்டணு 96 ஆயிரம், எஸ்.ஜி.பி.டி. 36, அதன் வர்க்கமூலம் 6, பெருக்கினால் 576. வகுத்தால் சரியாக 6. விடை 1.3-க்குக் கீழே என்றால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 2.67-க்கு மேலே போனால் மேற்கொண்டு பார்த்தே ஆக வேண்டும். அண்ணன் வாய்க்குள்ளேயே பெருக்கிப் பார்த்துத் தப்பாகச் சொன்னார். வாத்தியார் தப்பாகச் சொன்னதைக் கேட்டு அண்ணி தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்து வேலூருக்கு அனுப்பினார்கள். அங்கே ஃபைப்ரோஸ்கேன் என்ற கருவி. பிரான்சில் கண்டுபிடித்து 2003 வாக்கில் வந்தது. மூன்று மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும். மல்லாந்து படுக்கவைத்து, வலது விலாவில் ஒரு கோலை வைத்துத் தட்டுகிறார்கள். விரலால் சுண்டுகிற மாதிரிதான், வலி இல்லை. அந்தத் தட்டலின் அதிர்வு ஈரலுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று கருவி அளக்கிறது. கட்டாந்தரையில் பந்து ஓடுவதும் சேற்றில் ஓடுவதும் ஒன்றா? ஈரல் இறுகினால் அதிர்வு விரைந்து ஓடும். கிலோபாஸ்கல் என்று கணக்கு.

இத்தாலியில் பவேனோ என்ற ஏரிக்கரை ஊரின் பெயரால், உலகத்து ஈரல் டாக்டர்கள் சில வருஷங்களுக்கு ஒருமுறை கூடி விதிமுறை வகுக்கிறார்கள். 2015 கூட்டத்தில் சொன்னது, நோயாளிகளுக்குப் பெரிய நிம்மதி: ஈரல் சுருக்கம் இருந்தும் வேறு தொந்தரவு இல்லாதவருக்கு, இந்த அளவு 20-க்குக் குறைவாகவும் தட்டணு ஒன்றரை லட்சத்துக்கு அதிகமாகவும் இருந்தால், வாய் வழியே குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி அப்போதைக்கு வேண்டாம். வருஷம் ஒருமுறை இந்த இரண்டையும் மட்டும் திரும்பப் பார்த்தால் போதும். 2021 கூட்டத்தில், 25-ம் அதற்கு மேலும் என்றால் நாளத்தில் ஆபத்தான அழுத்தம் இருப்பதாகவே பெரும்பாலோருக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

அண்ணனுக்கு 31.

ஆகவே எண்டோஸ்கோபி தப்பவில்லை. உணவுக்குழாயில் நாளங்கள் பெரிதாகவே புடைத்திருந்தன. 'வெடிக்கவில்லை, வெடிக்கக் காத்திருந்தது' என்றார் வேலூர் டாக்டர். அங்கேயே நாளங்களுக்கு ரப்பர் வளையம் போட்டார்கள். அழுத்தத்தைக் குறைக்க மாத்திரையும் கொடுத்தார்கள். இதய நோய்க்குக் கொடுக்கிற ப்ரோப்ரனலால் மாத்திரை, ஈரல் நாளத்தின் அழுத்தத்தையும் குறைக்கிறது என்று பிரான்சில் லெப்ரெக் என்ற டாக்டரும் அவர் குழுவும் 1980-லேயே எழுதியிருக்கிறார்கள். அப்பா போவதற்கு மூன்று வருஷம் முன்பு! அதைக் கேட்டுவிட்டு வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். எங்கள் மாட்டு வண்டிக்கும் அந்தச் செய்திக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருந்தது!

முன்கூட்டித் தெரிந்து என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். தெரிந்தால் தடுக்க மருந்து இருக்கிறது. மருந்து இல்லாத இடத்தில்தான் தெரிவது வெறும் பயம்.

வீட்டுப் பெண்ணின் பங்கு

ஈரல் நோயின் தீவிரத்தை எடைபோட, 1964-ல் சைல்டு, டர்கோட் என்ற இரு டாக்டர்கள் ஒரு மதிப்பெண் முறை சொன்னார்கள். 1973-ல் லண்டனில் பியூ என்பவர் அதைத் திருத்தினார். இன்றைக்கும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. ஐந்து விஷயங்கள்: ரத்தத்தில் பிலிருபின், ஆல்புமின், ரத்தம் உறையும் நேரம், வயிற்றில் நீர், மனத் தடுமாற்றம். ஐந்தில் மூன்றுக்கு ரத்தம் எடுக்க வேண்டும். மற்ற இரண்டுக்கு? கூடவே இருக்கிற மனுஷி வேண்டும்! டாக்டர் பத்து நிமிஷம் பார்க்கிறார். நாம் ராத்திரி பகலாகப் பார்க்கிறோம். ஆகவே ஈரல் சுருக்கம் என்று சொல்லப்பட்டவர் வீட்டில் இருந்தால், ஒரு நோட்டுப் போடுங்கள். அண்ணி போட்டிருக்கிற நோட்டைத்தான் சொல்கிறேன்.

ஒன்று, எடை. தினமும் காலையில், வெறும் வயிற்றில், மலஜலம் கழித்த பிறகு. கைகால் மெலிகிறது, எடை மட்டும் ஏறுகிறது என்றால் அது சதையில்லை, நீர். வேட்டி முடிச்சு எட்டவில்லை என்றாலும், கணுக்காலில் விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்தாலும் டாக்டருக்குச் சொல்லுங்கள்.

இரண்டு, கையெழுத்து. தினமும் ஒரே இடத்தில் தேதியும் பெயரும் எழுதச் சொல்லுங்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிட்டுப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரானால், ஒரு நட்சத்திரம் போடச் சொல்லுங்கள். புள்ளிக் கோலம் போடத் தெரிந்த அம்மாவானால், கோலமே போதும்!

மூன்று, மிருகங்கள் பெயர். சிரிக்காதீர்கள், இது இத்தாலி டாக்டர்கள் 2017-ல் சோதித்துச் சொன்னது. ஒரு நிமிஷத்தில் எத்தனை பிராணிகளின் பெயர் சொல்ல முடிகிறது என்று எண்ணுங்கள். பதினைந்துக்கு மேல் சொன்னால் நல்லது. பத்துக்கும் குறைந்தால் மூளைக்கு நச்சு ஏறுகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். வயசும் படிப்பும் கணக்கை மாற்றும். அதனால் அவரவர் பழைய எண்ணோடு ஒப்பிடுவதுதான் நியாயம். அண்ணன் முதல் நாள் பசு, எருமை, ஆடு, நாய் என்று ஆரம்பித்து ஏழில் நின்றுவிட்டார். பேரன் பக்கத்திலிருந்து, "தாத்தா, யானை!" என்று எடுத்துக் கொடுத்தான். யானையை மறந்த வாத்தியார் தன்னையே பார்த்துப் பயந்துபோனார்.

நான்கு, கைகள். இரண்டு கையையும் நீட்டி, போக்குவரத்துப் போலீஸ் வண்டியை நிறுத்துகிற மாதிரி உள்ளங்கையை நிமிர்த்தச் சொல்லுங்கள். பறவை சிறகடிக்கிற மாதிரி மணிக்கட்டு விட்டு விட்டு விழுந்தால், தாமதிக்கக் கூடாது.

ஐந்து, தூக்கமும் மலமும். பகல் தூக்கம், இரவு விழிப்பு என்று தலைகீழானால் அது ஒரு முன்னறிவிப்பு. மலச்சிக்கல் இருந்தால் குடலில் அம்மோனியா சேரும். அதற்குத்தான் லாக்டுலோஸ் திரவம் தருகிறார்கள், நாளுக்கு இரண்டு மூன்று தடவை இளக்கமாகப் போக வேண்டும் என்று. அண்ணனுக்கு மூன்று நாளாக மலம் போகவில்லை என்பதே எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. இந்தத் தடுமாற்றம் இருக்கும்வரை வண்டிச் சாவி அண்ணி முந்தானையில்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். இந்த நோட்டும் எண்களும் எச்சரிக்கை மணிதான், வைத்தியம் இல்லை. மணி அடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மணி அடிக்காவிட்டாலும் ஆறு மாசத்துக்கு ஒருமுறை ஈரல் ஸ்கேன் எடுக்க வேண்டும். சுருங்கிய ஈரலில் கட்டி வருகிறதா என்று பார்ப்பதற்கு.

என்ன சமைப்பது?

பழைய காலத்தில் ஈரல் நோய் என்றால் பருப்பு கூடாது, முட்டை கூடாது, கஞ்சியும் மோரும்தான் என்பார்கள். அப்பாவுக்கு அம்மா அப்படித்தான் கொடுத்தார். இன்றைக்கு அது தப்பு என்கிறார்கள். இந்த நோயில் சதை கரைகிறது. அதனால் புரதம் நன்றாகவே வேண்டும். கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை. பருப்பு, பயறு, பால், தயிர், முட்டை எல்லாம் கொடுக்கலாம். ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்தால் உடம்பு தன் சதையையே தின்னும். ஆகவே படுக்குமுன் சிறு ஆகாரம் அவசியம். அண்ணி இரண்டு இட்லி, இல்லாவிட்டால் ஒரு டம்ளர் பாலோடு ஒரு கைப்பிடி வேகவைத்த வேர்க்கடலை கொடுக்கிறார். கடலைக்குத்தான் எங்கள் பக்கம் பஞ்சமில்லையே! ஆனால் பூசணம் பிடித்த கடலையைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். அந்தப் பூசண நஞ்சு ஈரல் புற்றுநோய்க்குக் காரணமாகும்.

உப்பைத்தான் குறைக்க வேண்டும். வயிற்றில் நீர் சேர்ந்தவருக்கு நாளுக்கு ஒரு சின்ன டீஸ்பூன், எல்லாம் சேர்த்து. ஊறுகாய், அப்பளம், வடகம், மோர்மிளகாய், கருவாடு எல்லாம் வீட்டை விட்டே போக வேண்டும். எலுமிச்சை, கொத்தமல்லி, சீரகம், மிளகு கை கொடுக்கும். வலி மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்காதீர்கள். சிறுநீரகத்தைக் கெடுத்து, ரத்தக் கசிவையும் வரவழைக்கும். நான் செய்த தப்பை நீங்கள் செய்ய வேண்டாம். தூக்க மாத்திரையும் அப்படித்தான்.

'கீழாநெல்லி கொடுக்கலாமே' என்று நிச்சயம் கடிதம் வரும், எனக்குத் தெரியும். 1988-ல் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் தியாகராஜனும் அவர் குழுவும், நோபல் பரிசு பெற்ற புளும்பர்க்குடன் சேர்ந்து, மஞ்சள் காமாலை பி வைரஸுக்குக் கீழாநெல்லி நல்ல பலன் தந்ததாக 'லான்செட்' பத்திரிகையில் எழுதினார்கள். நமக்கெல்லாம் பெருமையாக இருந்தது. பின்னால் வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. தவிர, அது வைரஸுக்காகச் செய்த ஆராய்ச்சி. இறுகிப்போன ஈரலை இளக்குவதற்கல்ல. அதை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

ரத்த வாந்தி, தார் மாதிரி கறுப்பு மலம், வயிற்று நீரோடு காய்ச்சலும் வலியும், சிறுநீர் குறைவது, எழுப்பினால் எழாத மயக்கம் இவற்றில் எது வந்தாலும் கைவைத்தியம் பார்க்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள். 1983-ல் எங்களுக்கு இல்லாத வண்டி அது.

அண்ணனுக்கு முழுசாகக் குணமாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அது உண்மையில்லை. தழும்பு தழும்புதான். வளையம் இன்னும் சில தடவை போட வேண்டும், மாத்திரை நிறுத்தக் கூடாது, ஆறு மாசத்துக்கொரு ஸ்கேன். ஆனால் ரத்த வாந்தி வரவில்லை. தீபத்தன்று அண்ணனைக் கைப்பிடித்து மாடிக்கு அழைத்துப் போனோம். ஊர் என்ன சொல்லும் என்ற பேச்சை அண்ணி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "ஊர் வந்து நோட்டு எழுதுதா? நான்தானே எழுதறேன்!"

நேற்று பால் கணக்கு நோட்டைப் பார்த்தேன். வரி இன்னும் கொஞ்சம் சரிகிறது. ஆனால் புள்ளிகள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. பிராணிகள் பதினாலு வரை சொல்கிறாராம். யானைதான் முதலில்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் பஞ்சாங்கத்துக்கு அடியில் ஏதாவது சீட்டு ஒளிந்திருக்கிறதா? இன்றைக்கே தேடிப் பாருங்கள். கிடைத்தால் சண்டை போடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் சொல்லவில்லை என்று மெதுவாகக் கேளுங்கள். உங்கள் அனுபவங்களை எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில், உப்புக் குறைத்தும் ருசியாகச் சமைக்கும் வகைகளோடு சந்திப்போம்.